சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: எந்தப் பக்கம் போனால் கிட்டே?

ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா கிடைத்துவிட்டால், மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளில் அடுத்து எழும் கேள்வி: “பிள்ளை இருக்கிற ஊருக்கு எத்தனை மணி நேரம்?”

சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே சுமார் 13,900 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பதினைந்தரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் டிக்கெட்டில் 22 மணி நேரத்துக்குக் குறைந்து பார்ப்பது அரிது. ஏன்?

13,900 என்பது உருண்டையான பூமியின் மேல் இழுத்த மிகக் குறுகிய கோடு. சுவரில் மாட்டும் வரைபடத்தில் இது தெரியாது. பூமி உருண்டையில் இரு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடியுங்கள். ராஜமுந்திரி, ஒடிசா, பீகார் கடந்து, எவரெஸ்ட் பக்கமாக இமயத்தைத் தாண்டி, திபெத், மங்கோலியா, சைபீரியா என்று வடக்கே ஏறி, அலாஸ்காவின் ஆங்கரேஜ் அருகே இறங்கும்.

அந்த நூல் பிடித்து விமானம் போவதில்லை. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் சுமார் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் தரையே ஏறக்குறைய 15,000 அடி உயரம். 2022 முதல் ரஷ்ய வான்வெளியும் அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டுவிட்டது. 2021 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு ஏர் இந்தியாவின் முதல் நேரடி விமானத்தைப் பெண் விமானிகள் வட துருவ வழியாக ஓட்டிவந்தார்கள். நூல் கணக்கு 14,000 கி.மீ.; பறந்த வழியோ சுமார் 16,000 கி.மீ.

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லாததால், எங்கே மாறுகிறோம் என்பதே தூரத்தைத் தீர்மானிக்கிறது. ஹாங்காங் வழியாக ஏறத்தாழ 14,850 கி.மீ., துபாய் வழியாக 15,950, பிராங்பர்ட் வழியாக 16,700. இது நூல் கணக்குதான். உண்மையில் பறப்பது இன்னும் கூடும்.

காற்றும் கணக்கை மாற்றும். விமானம் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ‘ஜெட் ஸ்ட்ரீம்’ வீசுகிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். ஹாங்காங்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போக 12 மணி நேரம் என்றால், எதிர்காற்றில் திரும்பி வர 14 மணி நேரத்துக்கு மேல்.

ஆனாலும், வானில் மிச்சமாகும் இரண்டு மூன்று மணி நேரத்தை, மாறும் ஊரில் எட்டு மணி நேரக் காத்திருப்பு விழுங்கிவிடும். வயதானவர்களுக்கு டிக்கெட் போடும்போது கி.மீ.யை விட்டுவிட்டு, மொத்தப் பயண நேரத்தையும் காத்திருப்பு நேரத்தையும் பாருங்கள். ஒன்றரை மணி நேர இடைவெளியும் ஆபத்துதான். முதல் விமானம் தாமதித்தால் அடுத்தது போய்விடும்.

டிக்கெட்டில் உள்ள மணி அந்தந்த ஊர் மணி. கலிபோர்னியா நமக்குக் கோடையில் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால். திங்கள் அதிகாலை கிளம்பினால் திங்கள் பிற்பகலே அங்கே இறங்கலாம். திரும்பும்போது சனிக்கிழமை மாலை ஏறினால் சென்னையில் திங்கள்கிழமை. மீனம்பாக்கத்துக்கு வண்டி சொல்பவர்கள் இறங்கும் தேதியைப் பார்த்துச் சொல்லுங்கள்.