மீன் தொட்டிக்கு வீட்டிலேயே தெளிப்புக் குழாய்

கோடையில் ஒரு நாள் விடியற்காலை தொட்டிப் பக்கம் போனால், மீன்கள் எல்லாம் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக் கொண்டிருக்கும். முதல் நாள் மாலை வரை நன்றாக இரை தின்ற மீன்கள்தாம் அவை. பகல் ஏறுவதற்குள் சில செத்து மிதக்கும். நோய் என்று எண்ணி மருந்து வாங்க ஓடுவோர் உண்டு. பெரும்பாலும் இது நோயல்ல. நீரில் பிராணவாயு குறைந்து விட்டதன் அடையாளம்.

சென்னை கொளத்தூரிலும் அதைச் சுற்றிலும் பல குடும்பங்கள் வண்ண மீன் வளர்ப்பையே தொழிலாகக் கொண்டுள்ளன. வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் சிமெண்டுத் தொட்டிகளும் கண்ணாடித் தொட்டிகளும் வைத்து மீன் வளர்க்கின்றனர். இத்தகைய சிறு வளர்ப்பாளருக்கு, விற்பனைக்குத் தயாராக இருக்கும் ஒரு தொட்டி மீன் ஒரே இரவில் போனால், பல மாத இரைச் செலவும் உழைப்பும் வீணாகும். பம்பும் வடிகட்டியும் ஓடிக் கொண்டிருக்கும் தொட்டியிலேயே இந்த இழப்பு நேர்வதும் உண்டு. வடிகட்டியிலிருந்து திரும்பும் நீர் ஒரே இடத்தில் கொட்டுவது இதற்கு ஒரு முக்கிய காரணம். குறைந்த செலவில், அரை நாள் வேலையில், இக்குறையைத் தெளிப்புக் குழாய் கொண்டு போக்கலாம். கடைகளில் இதை ஸ்பிரே பார் என்பார்கள்.

ஏன் தேவை?

நீர் சூடேறச் சூடேற அதில் கரையக் கூடிய பிராணவாயுவின் அளவு குறையும். 25 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நல்ல நீரில் அதிக அளவாகச் சுமார் 8.3 மில்லி கிராம் கரையும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லி கிராமாகி விடும். தங்க மீன், கோய் கெண்டை போன்றவை நன்கு வளர லிட்டருக்கு 5 மில்லி கிராமுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. பாசி படிந்து பச்சையாக உள்ள தொட்டியில் பகலில் பாசி பிராணவாயுவை வெளியிடும். இரவில் அதுவே மீன்களுடன் போட்டியிட்டு உறிஞ்சும். ஆகவேதான் விடியற்காலை நேரமே ஆபத்தானது.

வடிகட்டிக்கும் பிராணவாயு வேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா நஞ்சாகும். வடிகட்டியின் பஞ்சிலும் கல்லிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவில் உள்ள ஒரு கிராம் நைட்ரஜனை இவ்வாறு மாற்ற அவற்றுக்குச் சுமார் 4.5 கிராம் பிராணவாயு தேவைப்படும். நீரில் அது குறைந்தால் மீனுக்கு மூச்சு முட்டுவதோடு வடிகட்டியும் வேலை செய்யாது.

காற்றிலுள்ள பிராணவாயு நீர்மட்டத்தின் வழியாகத்தான் உள்ளே வருகிறது. மேல் நீர் அசைந்து, கலைந்து, கீழே சென்று, அடி நீர் மேலே வர வேண்டும். ஒரே வாயில் கொட்டும் நீர் ஒரு மூலையை மட்டும் கலக்கி விட்டு மற்ற மூலைகளைத் தேங்க விடும். கொட்டும் இடத்தில் வேகம் அதிகமாக இருப்பதால் குஞ்சுகளும், நீண்ட துடுப்புள்ள தங்க மீன்களும் எதிர் நீந்தியே களைத்துப் போகும். அதே நீரைத் தொட்டியின் நீளம் முழுவதும் பல துளைகளின் வழியே பிரித்து விட்டால் வேகம் தணியும், கலக்கம் பரவும்.

தேவையான பொருள்கள்

3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி சுமார் 190 லிட்டர் கொள்ளும். இதற்கு மணிக்கு 600 லிட்டர் தள்ளும் பம்பு போதும். அரை அங்குல பி.வி.சி. குழாய் ஒரு மீட்டர், அதற்கான எல்போ ஒன்று, எண்ட் கேப் ஒன்று, பம்பிலிருந்து இணைக்க ஒரு மீட்டர் பிளாஸ்டிக் ஹோஸ், கொஞ்சம் நைலான் கயிறு, உப்புத் தாள் ஆகியவை வேண்டும். ஆக்சா பிளேடும், 3 மில்லி மீட்டர் துளைக்கருவியும் கைவசம் இருக்க வேண்டும்.

பம்பின் அட்டையில் போட்டிருக்கும் அளவை அப்படியே நம்பக் கூடாது. அது நீரை மேலே ஏற்றாமல் விடும் போது உள்ள அளவு. ஹோஸைத் தொட்டியின் மேல் விளிம்பு உயரத்தில் பிடித்து, 10 லிட்டர் வாளியை நிரப்பிப் பார்க்க வேண்டும். வாளி ஒரு நிமிடத்தில் நிறைந்தால் மணிக்கு 600 லிட்டர். ஒன்றரை நிமிடமானால் 400 லிட்டர்.

எத்தனை துளை?

தெளிப்புக் குழாய் சரியாக அமைவதும் அமையாததும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. துளைகளின் மொத்தப் பரப்பு, குழாயின் உள்வாய்ப் பரப்பை விடக் குறைவாக இருக்க வேண்டும். கூடினால் குழாயினுள் அழுத்தம் நிற்காது. சில துளைகளில் நீர் கொட்டும், மற்றவற்றில் கசியும். மிகவும் குறைந்தாலும் தவறு. பம்பு திணறும், வடிகட்டி வழியே போகும் நீரின் அளவு குறைந்து விடும். உள்வாய்ப் பரப்பில் பத்தில் ஏழு பங்கு என்று வைத்துக் கொள்வது நல்லது.

கணக்கு எளிது. குழாயின் உள்விட்டத்தை அதே எண்ணால் பெருக்க வேண்டும். துளையின் விட்டத்தையும் அவ்வாறே பெருக்கி, முதல் விடையை இரண்டாவதால் வகுத்து, வருவதில் பத்தில் ஏழு பங்கு எடுத்தால் துளைகளின் எண்ணிக்கை கிடைக்கும். உள்விட்டம் 16 மில்லி மீட்டர் எனில், 16 பெருக்கல் 16 என்பது 256. துளை 3 மில்லி மீட்டர் எனில் 9. 256ஐ 9ஆல் வகுத்தால் ஏறத்தாழ 28. அதில் பத்தில் ஏழு பங்கு 20. ஆக 20 துளைகள் போதும். குழாயின் கனத்துக்குத் தக்கபடி உள்விட்டம் மாறும் என்பதால் அளந்து பார்த்தே கணக்கிட வேண்டும்.

2 மில்லி மீட்டர் துளையானால் இதே கணக்கில் 45 வரும். ஆனால் அத்தகைய சிறு துளைகள் பாசியாலும் அழுக்காலும் விரைவில் அடைபடும். 5 மில்லி மீட்டர் துளையானால் ஏழே போதும், நீர் பரவாது. எனவே 3 மில்லி மீட்டரே ஏற்றது.

செய்யும் முறை

குழாயில் 80 சென்டி மீட்டர் நீளம் அறுத்துக் கொள்ள வேண்டும். மீதியில் 15 சென்டி மீட்டர் துண்டு, ஹோஸையும் எல்போவையும் இணைக்கப் பயன்படும். உருண்டைக் குழாயில் நேர்க்கோடு போடுவது கடினம். குழாயின் மேல் தயாரிப்பாளர் அச்சிட்டிருக்கும் எழுத்து வரிசை நேராகவே ஓடும். அதையே கோடாகக் கொள்ளலாம். ஒரு முனையிலிருந்து 2 சென்டி மீட்டர் விட்டு, 4 சென்டி மீட்டருக்கு ஒன்றாக 20 புள்ளிகள் குறித்தால் மறுமுனையிலும் 2 சென்டி மீட்டர் மிஞ்சும்.

முதலில் ஒன்று விட்டு ஒன்றாக 10 துளைகள் மட்டும் போட்டு நீரை ஓட விட்டுப் பார்க்க வேண்டும். பாய்ச்சல் கடுமையாக இருந்தால் நடுவில் உள்ளவற்றையும் போடலாம். துளை போடுவது எளிது. போட்டதை மூடுவது கடினம். ஆணியைக் காய்ச்சித் துளையிடக் கூடாது. துளை கோணலாவதோடு, பி.வி.சி. கருகும் போது வரும் புகை மூச்சுக்குக் கெடுதல். துளையிட்ட பின் உள்ளும் புறமும் உள்ள பிசிறுகளை உப்புத் தாளால் தேய்த்து எடுத்து, நீரில் நன்கு அலச வேண்டும்.

ஒரு முனையில் எண்ட் கேப்பையும் மறுமுனையில் எல்போவையும் அழுத்திச் செருகினால் போதும்; பசை தடவ வேண்டாம். அழுத்தம் குறைவு என்பதால் கழன்று வராது. சிறிது கசிந்தாலும் நீர் தொட்டிக்குள்தானே விழும்! பசை போடாததால் குழாயைத் திருப்பி நீர் விழும் கோணத்தை மாற்றலாம். கழற்றிச் சுத்தமும் செய்யலாம். ஹோஸின் நுனியைச் சிறிது நேரம் வெந்நீரில் வைத்தால் இளகி, குழாய்த் துண்டின் மேல் ஏறும்.

பொருத்தும் முறை

குழாயைத் தொட்டியின் பின்புறக் கண்ணாடியை ஒட்டி, நீர்மட்டத்துக்கு 2 அல்லது 3 சென்டி மீட்டர் மேலே நைலான் கயிற்றால் கட்டித் தொங்க விடலாம். செம்புக் கம்பியால் கட்டக் கூடாது. நீரில் கரையும் செம்பு மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு. பெரிய மீன்கள் உள்ள தொட்டியில் துளைகள் சாய்வாக முன்பக்கம் பார்க்கட்டும். சிறு மீன்கள் உள்ள தொட்டியில் துளைகளைக் கண்ணாடியின் பக்கம் திருப்பினால், நீர் கண்ணாடியில் மோதி வேகம் தணிந்து வழியும்.

வடிகட்டி தொட்டிக்கு வெளியே, கீழே இருக்குமானால் ஓர் எச்சரிக்கை. தெளிப்புக் குழாய் நீருக்குள் மூழ்கி இருந்தால், மின்சாரம் நின்றவுடன் தொட்டி நீர் அதே வழியே கீழே இறங்கித் தரையெல்லாம் பெருகும். விழித்துப் பார்க்கும் போது தொட்டி காலியாகி இருக்கும். குழாய் நீருக்கு மேலே இருந்தால் துளைகளின் வழியே காற்று புகுந்து இந்த ஆபத்து நேராது.

எந்த மீனுக்கு வேண்டாம்?

சண்டை மீன், கௌராமி ஆகியவை மேலே வந்து காற்றையே சுவாசிக்கக் கூடியவை. நுரைக்கூடு கட்டி முட்டையிடும் இவற்றுக்கு அசையாத நீரே ஏற்றது. தெளிப்புக் குழாய் கூட்டைக் கலைத்து விடும். அப்போதுதான் பொரித்த எந்தக் குஞ்சுக்கும் இது ஆகாது. அவற்றுக்குக் காற்றுப் பம்புடன் கூடிய பஞ்சு வடிகட்டியே நல்லது.

பராமரிப்பு

பதினைந்து நாளுக்கு ஒரு முறை எண்ட் கேப்பைக் கழற்றி, குச்சியில் துணி சுற்றி உள்ளே துடைக்க வேண்டும். அடைபட்ட துளைகளைத் தென்னை ஈர்க்குச்சியால் குத்தி எடுக்கலாம். ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரால் வெள்ளை படிந்தால், வினிகரில் ஊற வைத்து நன்றாகக் கழுவினால் போகும். வடிகட்டிப் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் அலசக் கூடாது. அதிலுள்ள நுண்ணுயிர்கள் மடியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலச வேண்டும்.

தொட்டிக்குள் கை விடுமுன் பம்பின் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கி விட வேண்டும். பிளக்குக்குப் போகும் ஒயர் முதலில் தாழத் தொங்கி, பின்பு மேலேறும்படி விட்டால், ஒயர் வழியே வழியும் நீர் பிளக்கை அடையாமல் கீழே சொட்டி விடும்.

தெளிப்புக் குழாய் இருக்கிறது என்று மீன்களை அளவுக்கு மேல் அடைத்து விடக் கூடாது. மின்சாரம் போனால் குழாயும் நின்று விடும். நெருக்கம் அதிகமான தொட்டியில் முதலில் மூச்சுத் திணறல் வரும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று இருப்பது நல்லது. அதுவும் இல்லாத போது, தொட்டி நீரையே குவளையில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து அடிக்கடி ஊற்றி வந்தால் மீன்களைக் காப்பாற்றலாம்.

குழாய் பொருத்திய மறுநாள், விடியுமுன் விளக்கைப் போட்டுத் தொட்டியைப் பார்க்க வேண்டும். மீன்கள் மேலே வந்து வாய் பிளக்காமல் அடியிலும் நடுவிலும் பரவி நின்றால், கணக்கும் வேலையும் சரியாக அமைந்தன என்று கொள்ளலாம்.