டர்போ என்ஜின்களில் பிஸ்டன் பழுதாவது ஏன்?

கொல்கத்தாவின் பவானிபூர் சாலைகளில் ஒரு காலத்தில் அம்பாசிடர் வாடகைக் கார்களே மிகுதி. அருகிலுள்ள உத்தர்பாராவில் தயாரான அவற்றின் 1489 கன செ.மீ. பெட்ரோல் என்ஜினில் டர்போ கிடையாது. 2014-இல் அவற்றின் உற்பத்தி நின்றது. இன்று அதே சாலைகளில் 1200 கன செ.மீ.க்கு மேற்படாத டர்போ கார்கள் பல ஓடுகின்றன. சிறிய என்ஜின் கொண்ட சிறிய கார்களுக்கு 2006-இல் அளிக்கப்பட்ட உற்பத்தி வரிச் சலுகையும் இம்மாற்றத்திற்கு ஒரு காரணமாகும்.

வெளியேறும் புகையின் விசையால் சுழலும் டர்போ, காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம், ஆற்றல் பெருகும். ஆனால், கூடுதல் அழுத்தத்தையும் வெப்பத்தையும் பிஸ்டனே தாங்க வேண்டும். அது அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். கலவையோ அதற்கு வெகு முன்பே வலுவிழக்கும்.

பழுதுக்கு முக்கிய காரணங்கள் மூன்று. முதலாவது, ஆக்டேன் குறைந்த பெட்ரோலால் எரிகலவை தானாக வெடித்துப் பிஸ்டன் தலையை அரிப்பது. இரண்டாவது, உயர் கியரில் மெதுவாகச் செல்லும்போது ஆக்சிலரேட்டரை அழுத்துவதால், எண்ணெய்த் துளிகள் கலந்த கலவை தீப்பொறிக்கு முன்பே பற்றுவது. இதனால் வளையங்களுக்கு இடைப்பட்ட பகுதி உடைகிறது. மூன்றாவது, பிஸ்டனின் அடிப்புறத்தைக் குளிர்விக்கும் எண்ணெய்த் தாரை அடைபடுவது.

இரண்டாவது குறையைத் தடுக்கும் 'எஸ்.பி.' தர எண்ணெய் 2020-இல் அறிமுகமாயிற்று. தயாரிப்பாளர் குறிப்பிட்ட எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவதும், மேம்பாலம் ஏறுகையில் கியரைக் குறைப்பதும் சிறு செலவே. கடனில் கார் வாங்கிய ஓட்டுநருக்கு என்ஜினே மூலதனம். கார் நின்றாலும் தவணை நிற்பதில்லை.