உள்ளே வந்தவர் யார்? அவருக்கு என்ன உரிமை?

நான் மஞ்சள் வியாபாரி. கணினி படித்தவன் அல்லன். எங்கள் பூர்வீகம் வந்தவாசிப் பக்கம், நயினார் குடும்பம். என் தகப்பனார் நஞ்சன்கூட்டில் கடை போட்டார். அதே கடையில்தான் நானும் தலை நரைத்தேன். அப்படிப்பட்டவன் இணையதளங்களின் லாகின் பற்றி எழுதுவதா என்று சிலர் சிரிக்கலாம். பூட்டைப் பற்றி எழுத பூட்டு செய்தவன்தான் வேண்டும் என்றில்லை. பூட்டிய கதவுக்கு வெளியே நின்று தவித்தவனும் எழுதலாம் அல்லவா?

2025 ஏப்ரல் மாதம். நல்ல மஞ்சள் சீசன். ஈரோட்டுக்குப் போகவேண்டிய லோடு பகல் ஒரு மணிக்கே ஏறி, தார்ப்பாய் கட்டி நிற்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு கடையை விட்டு நகர வேண்டுமானால் ஈ-வே பில் வேண்டும். கர்நாடகத்தில் இது புதிதல்ல. 2018 ஏப்ரல் 1-ஆம் தேதி நாடு முழுக்க வருவதற்கு முன்பே, 2017 செப்டம்பரிலேயே நம் மாநிலம் இதில் இறங்கிவிட்டது. ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் எங்களைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கும் பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யும் கட்டாயம் ஆயிற்று.

பாஸ்வேர்டு போட்டேன், ஏற்றுக்கொண்டது. ஓ.டி.பி. கேட்டது. அன்று எங்கள் தெருவில் செல்போன் சிக்னல் இல்லை, குறுஞ்செய்தி வராது. கடையில் கேபிள் இணைப்பு இருந்ததால் கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. பரவாயில்லை, என்.ஐ.சி. ஜி.எஸ்.டி. ஷீல்டு என்ற செயலி போனில் இருக்கிறது. அது சிக்னல் இல்லாமலேயே எண் காட்டும். காட்டியது. போட்டேன். தவறு என்றது. அடுத்த எண். தவறு. பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். வேறு பிரவுசரில் முயன்றேன். மணி மூன்று.

"சாவ்கார்ரே, திம்பம் ஏறணும். நேரம் தப்பினா நாளைக்குத்தான்," என்றார் டிரைவர். சாம்ராஜநகர், ஆசனூர் வழியாகச் சத்தியமங்கலம் இறங்கும் அந்த 27 கொண்டை ஊசி வளைவுப் பாதையில், 2022-இல் வந்த சென்னை உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பின் லாரிகளுக்கு இரவுக் கட்டுப்பாடு உண்டு. ஒரு நாள் தாமதம் என்றால் லாரி வாடகை, ஆள் கூலி, ஈரோட்டில் மறுநாள் விலை, எல்லாம் நம் தலையில்.

பெங்களூரில் இருக்கும் என் மகனை, பக்கத்துத் தெருவுக்கு ஓடிப்போய், ஒரு மருந்துக் கடையின் போனில் பிடித்தேன். அவன் கேட்டது ஒரே கேள்வி: "அப்பா, உள்ளயே போக முடியலையா? இல்ல, உள்ள போயும் செய்ய முடியலையா?"

உள்ளேயே போக முடியவில்லை என்றேன். "உங்க போன்ல மணி என்ன?" என்றான். சொன்னேன். "என் போன்ல ஏழு நிமிஷம் கம்மி."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைச் சுவர்க் கடிகாரத்தை ஏழு நிமிடம் முன்னால் வைப்பது என் தகப்பனார் காலத்துப் பழக்கம். பஸ் தவறக்கூடாது, பேங்க் மூடக்கூடாது என்பதற்காக. போனிலும் அப்படியே வைத்திருந்தேன். கடிகாரத்தைச் சரிசெய்ததும் அடுத்த எண் உடனே ஏற்றுக்கொள்ளப்பட்டது. லாரி கிளம்பியது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கும் வழக்கமுள்ள வீடு எங்களுடையது. அன்று சாப்பாடு விட்டுப்போனது. அது வேறு விஷயம்.

கடிகாரத்துக்கும் ஓ.டி.பி.க்கும் என்ன சம்பந்தம்? குறுஞ்செய்தியில் வரும் எண்ணை அந்தத் தளம் அனுப்புகிறது. செயலியில் தெரியும் எண்ணை யாரும் அனுப்புவதில்லை. பதிவு செய்யும் நாளில் தளமும் நம் போனும் ஓர் இரகசிய எண்ணைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. பிறகு நேரத்தை முப்பது முப்பது விநாடித் துண்டுகளாக வெட்டி, அந்தத் துண்டையும் இரகசியத்தையும் சேர்த்து ஒரே கணக்கை இரண்டு பக்கமும் போடுகின்றன. இரண்டு பேரும் ஒரே விடைக்கு வந்தால் கதவு திறக்கும். இந்த வகைச் செயலிகளுக்கான பொது முறை 2011-இல் வகுக்கப்பட்டது. போன் ஏழு நிமிடம் முன்னால் ஓடினால் அது நாளைய பஞ்சாங்கத்தைப் பார்த்து இன்றைய திதியைச் சொல்கிற கதைதான்.

என் மகன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். எந்தத் தளமும் நம்மிடம் இரண்டு கேள்விகள் கேட்கிறது. முதல் கேள்வி: நீ யார்? இரண்டாவது: உனக்கு என்ன செய்ய உரிமை? முதலாவதற்குப் பாஸ்வேர்டு, ஓ.டி.பி., கைரேகை எல்லாம் பதில். இரண்டாவதற்குப் பதில் நம் கையில் இல்லை; அது நமக்குத் தரப்பட்ட பொறுப்பைப் பொறுத்தது. நாம் எல்லாரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு "சைட் வேலை செய்யலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். கணினிகள்கூடப் பிரித்துத்தான் சொல்கின்றன. திரையில் 401 என்று வந்தால் உன்னை யாரென்று எனக்குத் தெரியவில்லை என்று பொருள். 403 என்றால், யாரென்று தெரியும், ஆனால் இதற்கு உனக்கு அனுமதி இல்லை. (401-க்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரோ அனுமதியில்லாதவர் என்றே ஒலிக்கிறது. பெயர் வைத்தவர்களும் குழம்பியிருக்கிறார்கள்!)

இரண்டாவது கேள்வியில் நான் மாட்டியது அதே வருடம் ஆவணி மாதம். யாரோ ஒரு வியாபாரி, எங்களுக்குச் சம்பந்தமில்லாத சரக்குக்கு எங்கள் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டு ஈ-வே பில் எடுத்துவிட்டார். இப்படி நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் நாம் நிராகரிக்க வேண்டும். இல்லாவிட்டால் நாம் ஒப்புக்கொண்டதாகிவிடும். நான் ஊரில் இல்லை. கடைப் பையனிடம் சொன்னேன். அவன் தன் ஐ.டி.யில் நுழைந்து, "நிராகரிக்கிற பட்டனே இல்லீங்க" என்றான். எனக்கு இம்முறை ஞானம் வந்திருந்தது. உள்ளே போகிறான், ஆனால் செய்ய முடியவில்லை. ஆக, பாஸ்வேர்டைத் தொடவேண்டாம். அவனுடைய துணைப் பயனர் ஐ.டி.யை உருவாக்கியபோது பில் போடும் உரிமைக்கு மட்டுமே நான் டிக் அடித்திருந்தேன். மெயின் ஐ.டி.யில் நுழைந்து அந்த உரிமையையும் சேர்த்தேன். அப்புறமும் பையன், "இன்னும் வரலீங்க" என்றான். ஒரு தடவை லாக்-அவுட் செய்து மறுபடி வரச் சொன்னேன். வந்துவிட்டது.

இந்த மறுபடி வருவதன் இரகசியம் பல தளங்களுக்குப் பொது. நாம் நுழைந்ததும் தளம் நமக்கு ஒரு டோக்கன் தருகிறது, கோயில் வாசலில் செருப்புக்குத் தருவார்களே அதுபோல. அதன்பின் ஒவ்வொரு பக்கத்திலும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை, டோக்கனைத்தான் பார்க்கிறது. நம் உரிமைகளும் பல இடங்களில் அந்த டோக்கன் தரும் நேரத்திலேயே குறிக்கப்படுகின்றன. நடுவில் உரிமை கூடினாலும் குறைந்தாலும் பழைய டோக்கனுக்குத் தெரியாது. டோக்கன் காலாவதியானால்தான் பாதிப் படிவம் நிரப்பும்போது திடீரென்று வாசலுக்கே தள்ளப்படுகிறோம்.

ஒவ்வோர் ஆளுக்கும் தனித்தனியாக உரிமை எழுதாமல், முதலில் பொறுப்புக்கு உரிமையை எழுதி, பிறகு ஆளைப் பொறுப்பில் அமர்த்துவது என்ற முறையை 1992-இல் அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்டு குன் இருவரும் ஒரு கட்டுரையாக வகுத்துத் தந்தார்கள். 2004-இல் அது அந்நாட்டின் தரநிலையாயிற்று. கணக்கர் விலகினால் புதியவரைக் கணக்கர் பொறுப்பில் அமர்த்தினால் போதும். நூறு உரிமைகளைத் தேடித் தேடி மாற்ற வேண்டியதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்ப்பக்கத்து உத்திரமேரூர் நினைவுக்கு வந்தது. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. குடவோலை என்று பள்ளிப் பாடத்தில் படித்துவிட்டு விட்டுவிடுகிறோம். அதன் சாரத்தைப் பாருங்கள். ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம். ஆளுக்கல்ல, வாரியத்துக்கே வேலை. அதில் அமர 35 வயதுக்கு மேல், 70 வயதுக்குள் இருக்க வேண்டும். அமர்ந்தால் 360 நாள்தான். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினரும் மறுபடி வரமுடியாது. இதைக்கொண்டு சோழர்கள் கணினி கண்டுபிடித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர்கள் வேறு இருக்கிறார்கள். பொறுப்புக்குத் தொடக்கமும் முடிவும் கணக்கும் வேண்டும் என்பது நமக்குப் புதிதல்ல என்றுமட்டும் சொல்கிறேன்.

நஞ்சன்கூடு தாலூகா ஆபீசிலேயே இதைக் கண்ணால் பார்க்கலாம். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் கர்நாடக அரசு பூமி திட்டத்தைக் கொண்டுவந்து, 177 தாலூகாக்களின் பஹணிகளைக் கணினியில் ஏற்றியது. அதுவரை அந்தக் காகிதங்கள் கிராமக் கணக்கர்களின் கையில் இருந்தன. புதிய ஏற்பாட்டில் கணினி முன் அமர்ந்தவர் விரலை வைத்துத்தான் உள்ளே போக முடிந்தது. பெயர் மாற்றத்துக்கு உத்தரவு இடுபவர் ஒருவர், அதைக் கணினியில் ஏற்றுபவர் வேறொருவர். விரலை இரவல் கொடுக்க முடியாது. ஆகவே நான் செய்யவில்லை, என் பாஸ்வேர்டை வேறு யாரோ போட்டிருப்பார்கள் என்று பின்னால் சொல்ல வழியில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும், பிள்ளைகள் மென்பொருள் எழுதும் வீடுகள் நம் சங்கத்தில் நிறைய உண்டு என்பதால். பட்டனை மறைத்துவிட்டால் உரிமையை மறுத்ததாக ஆகாது. திரையில் பட்டன் இல்லாவிட்டாலும், முகவரிக் கட்டத்தில் ஓர் எண்ணை மாற்றிப்போட்டு அடுத்தவர் பில்லைத் திறக்க முடிகிற தளங்கள் இருக்கின்றன. கதவுக்குத் திரைச்சீலை போட்டுவிட்டுப் பூட்டியதாக நினைப்பது அது. ஒவ்வொரு தடவையும் கேள்வியைத் தளம் தன் பக்கத்தில் கேட்டாக வேண்டும். ஓவாஸ்ப் என்ற அமைப்பு 2021-இல் வெளியிட்ட பத்துப் பெரும் பாதுகாப்புக் குறைகளின் பட்டியலில் முதலிடம் இந்தக் குறைக்குத்தான்.

இதையெல்லாம் நான் ஏன் தேடித்தேடிப் படிக்க ஆரம்பித்தேன் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

2019 வரை எங்கள் கடையில் ஒரே ஐ.டி., ஒரே பாஸ்வேர்டு. நான், என் தம்பி, குமாஸ்தா, லோடு பார்க்கும் பையன் என நான்கு பேருக்கும் அதுவே. கல்லா மேசையில் அட்டையில் எழுதி ஒட்டியே வைத்திருந்தோம். அந்த வருடம் ஆடிட்டர் கணக்குப் பார்க்கும்போது, ஒரே லோடுக்கு இரண்டு ஈ-வே பில் இருப்பதைக் காட்டினார். இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் ரத்து செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. இரண்டாவது லோடு எங்கே போனது, கணக்கில் வராமல் விற்றீர்களா என்று யாரும் கேட்கலாம். நான் குமாஸ்தாவைக் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வது நாகரிகம். கடையில் நாலு பேர் முன்னால் திட்டினேன். பதினொரு வருடம் எங்களோடு இருந்த பிள்ளை அவன். "நான் ஒண்ணுதான் போட்டேன் சாவ்கார்ரே" என்று ஒரு தடவை சொன்னான். மறுநாளிலிருந்து வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்த இரண்டாவது பில்லை அச்செடுத்துப் பார்த்தேன். போட்ட நேரம் அதிலேயே இருந்தது: இரவு 9.40. கடை அடைத்த பிறகு. அந்த இரவு லாரிக்காரர் வீட்டுக்குப் போன் செய்து பில் கேட்டதும், குமாஸ்தா மாலையிலேயே போட்டுவிட்டது தெரியாமல் நானே வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று போட்டுக் கொடுத்ததும் அப்போது நினைவுக்கு வந்தது. ஆளுக்கொரு ஐ.டி. இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். தளத்தில் அதற்கு வசதி இருந்தது: துணைப் பயனர் உருவாக்கலாம், உரிமை பிரித்துத் தரலாம், ஆள் விலகினால் அவர் ஐ.டி.யை முடக்கலாம். நான்தான் அந்த மெனுவைத் திறந்ததே இல்லை.

குண்டுலுப்பேட்டை ரோட்டில் இருந்த அவன் வீட்டுக்குப் போனேன். அவன் ஒரு அரிசி மில்லில் சேர்ந்துவிட்டிருந்தான். நடந்ததைச் சொல்லி, தப்பு என்னுடையது என்றேன். அவன் மனைவி காபி கொடுத்தாள். அவன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பாஸ்வேர்டை மாத்திட்டீங்களா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன்.

"மாத்திடுங்க சாவ்கார்ரே. எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு."