ஒரே நாளில் ஆயிரம் வருஷம்! அருப்புக்கோட்டைச் சீமை தெரியுமா?

ரோம் நகரைச் சுற்றிப் பார்க்க விசா வேண்டும், விமான டிக்கெட் வேண்டும். இந்தச் சீமையைப் பார்க்க மதுரையில் பஸ் ஏறினால் போதும்! கரிசல் மண்ணும் சீமைக்கருவேலமும் தவிர அங்கே என்ன இருக்கிறது என்கிறீர்களா? வரிசையாகப் பாருங்கள்!

சிவபெருமான் கையில் செண்டோடு வந்த ஊர் தெரியுமா?
திருச்சுழிதான்! பாண்டிநாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் 14இல் ஒன்று. சேரமான் பெருமாளோடு சுந்தரர் இங்கே தங்கியபோது, காளைப் பருவத்து இளைஞராக இறைவன் தோன்றி, ‘நாம் இருப்பது கானப்பேர்’ என்று சொல்லி மறைந்தாராம். கானப்பேர் என்றால் இன்றைய காளையார்கோவில்!

ரமண மகரிஷி பிறந்த வீடு தெரியுமா?
அதே கோயிலுக்குப் பக்கத்திலேயே, சுந்தர மந்திரம்! 1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசன நாளில், வக்கீல் சுந்தரமய்யரின் மகன் வேங்கடராமனாகப் பிறந்தார். 16 வயதில் மதுரையிலிருந்து கிளம்பி 1896இல் திருவண்ணாமலை சேர்ந்தவர், 1950இல் சமாதி அடையும்வரை அந்த மலையைவிட்டு அகலவே இல்லை!

மதுரைச் சமணமலைக்கும் இந்த வறண்ட காட்டுக்கும் என்ன தொடர்பு தெரியுமா?
ஆவியூரை அடுத்த குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்ற பெரிய சமணப் பள்ளி இருந்தது! அங்கிருந்த துறவிகளின் பெயர்கள் சமணமலையில் வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பள்ளியின் பெயர் கல்வெட்டில் கிடைத்த இன்னோர் இடம் எது? திருச்சுழிக்குப் பக்கத்திலுள்ள பள்ளிமடம் சிவன் கோயில்!

நான்காம் தமிழ்ச் சங்கம் கண்டவர் எந்த ஊர் ஜமீன்தார் தெரியுமா?
அருப்புக்கோட்டை – விருதுநகர் ரோட்டில் வரும் பாலவநத்தம்! அதன் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் சங்கத்தை நிறுவினார். அதோடு விட்டாரா? 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவரும் அவரே!

எம்.ஜி.ஆரை முதன்முதலில் முதல்வராக்கிய தொகுதி தெரியுமா?
தறிச் சத்தம் ஓயாத அருப்புக்கோட்டைதான்! 1977இல் இங்கே ஜெயித்து, ஜூன் 30 அன்று பதவியேற்றார்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கோயில் நடை மதியம் சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே திருச்சுழியை முடித்துவிடுங்கள். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். மார்கழி, தை மாதங்கள்தான் தோது. அடுத்த முறை தூத்துக்குடி ரோட்டில் போகும்போது பைபாஸில் பறக்காமல், வண்டியை ஊருக்குள் திருப்புங்கள்!