ஃபில்டர் போட்டால்தான் அழகா? பிள்ளைகளின் ‘உடல் கவலை’யும் சமூக ஊடகமும்

“இந்த போட்டோ வேணாம், டெலிட் பண்ணு. மூஞ்சி குண்டா தெரியுது.” பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இப்படிச் சொல்வதை இப்போது பல வீடுகளில் கேட்க முடிகிறது. வளரும் வயதில் கண்ணாடி முன் நிற்பது இயல்புதான். ஆனால், தன் முகத்தைப் பார்க்கவே பிடிக்காமல் போவதும், அதற்காகச் சாப்பாட்டைக் குறைப்பதும் இயல்பல்ல. இதில் சமூக ஊடகத்தின் பங்கு என்ன? பெற்றோர் என்ன செய்யலாம்?

ஒப்பிடுவது புதிதா?

இல்லை. மனிதர்கள் தங்களை மற்றவர்களோடு ஒப்பிட்டே எடைபோடுகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-லேயே விளக்கினார். முன்பு பிள்ளைகள் வகுப்பில் இருப்பவர்களோடும் தெருவில் விளையாடுபவர்களோடும் தங்களை ஒப்பிட்டார்கள். அங்கே குட்டை, நெட்டை, ஒல்லி, குண்டு என எல்லோரும் இருந்தார்கள். இன்று செல்போனில் வருவதோ, தேர்ந்தெடுத்து மெருகேற்றப்பட்ட முகங்கள் மட்டுமே.

திரை ஒன்று புதிதாக வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபிஜி தீவு ஓர் உதாரணம். வாட்டசாட்டமான உடலை மதிக்கும் ஊர் அது. அங்கே ஒரு பகுதிக்கு 1995-ல் தொலைக்காட்சி வந்தது. அப்போது ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் பள்ளி மாணவிகளிடம் விசாரித்தபோது, எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாக ஒருவரும் சொல்லவில்லை. 1998-ல் 11 சதவீதம் பேர் அப்படிச் செய்வதாகச் சொன்னார்கள். அது மாலை நேரத்தில் எல்லோரும் ஒன்றாகப் பார்த்த டிவி. இன்றைய திரை பிள்ளையின் தலையணை வரை வந்துவிட்டது.

இன்ஸ்டாகிராமுக்கே தெரிந்த விஷயம்

2021 செப்டம்பரில் ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ நாளிதழ், ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்வுகளை வெளியிட்டது. தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே வருத்தத்தில் இருந்த பதின்பருவப் பெண்களில் 32 சதவீதம் பேர், இன்ஸ்டாகிராம் அதை இன்னும் மோசமாக்கியது என்று கூறியிருந்தார்கள். ஆய்வு திரித்துக் காட்டப்படுகிறது என்றது நிறுவனம். ஆவணங்களை வெளிக்கொணர்ந்த முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன், அடுத்த மாதமே அமெரிக்க செனட் குழு முன் சாட்சியம் அளித்தார்.

சிக்கல் அல்காரிதத்தில் இருக்கிறது. ஒரு ‘டயட்’ வீடியோவில் பிள்ளை சில நொடிகள் கூடுதலாக நின்றாலே போதும், அதே போன்ற வீடியோக்கள் வரிசைகட்டும். அது ஆர்வத்தில் பார்த்ததா, வருத்தத்தில் பார்த்ததா என்ற வித்தியாசம் அதற்குத் தெரியாது.

ஃபில்டர் என்ன செய்கிறது?

கண், மூக்கு, தாடை எங்கே இருக்கின்றன என்று கணித்து, கண்ணைப் பெரிதாக்கி, மூக்கை மெலிதாக்கி, தோலை வழவழப்பாக்குகிறது. பல ஃபில்டர்கள் நிறத்தையும் வெளுப்பாக்குகின்றன. “கறுத்துப் போயிட்டியே” என்று உறவினர்கள் சாதாரணமாகக் கேட்கும் நம் ஊரில், இது ஏற்கெனவே இருக்கும் காயத்தைக் கீறுகிறது.

செல்ஃபியே ஒரு விதத்தில் பொய்தான். கேமரா முகத்துக்கு மிக அருகில், சுமார் ஓர் அடி தூரத்தில் இருந்தால், மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஐந்தடி தள்ளி நின்று ஒரு படம், அருகில் ஒரு படம் எடுத்துப் பிள்ளைக்குக் காட்டுங்கள். நீண்ட அறிவுரையைவிட இது சீக்கிரம் புரியும்.

பெண் பிள்ளைகளுக்கு மட்டுமா?

இல்லை. பையன்களுக்கு ‘சிக்ஸ் பேக்’, புரோட்டீன் பவுடர், உயரம், தாடி என்று வேறு பட்டியல். பையன்கள் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. அதனால் வீட்டில் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

* சாப்பாட்டைத் தவிர்ப்பது, “ஸ்கூல்லயே சாப்டுட்டேன்” என்று அடிக்கடி சொல்வது
* சாப்பிட்டதும் உடனே பாத்ரூமுக்குப் போவது
* திரும்பத் திரும்ப எடை பார்ப்பது
* குரூப் போட்டோ, விசேஷங்கள், விளையாட்டு வகுப்பு ஆகியவற்றைத் தவிர்ப்பது

பூப்பெய்தும் வயதில் உடலில் கொழுப்பும் எடையும் கூடுவது இயற்கை. அந்த நேரத்தில் பட்டினி கிடப்பது வளர்ச்சியையே பாதிக்கும். இந்த அறிகுறிகள் தொடர்ந்தால் குழந்தைகள் நல மருத்துவரிடமோ மனநல மருத்துவரிடமோ செல்லுங்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ இலவச உதவி எண்: 14416.

பெற்றோர் என்ன செய்யலாம்?

போனைப் பிடுங்கி வைப்பது முதல் வழி அல்ல. “நீ பார்க்கிறதை எனக்கும் காட்டு” என்று பக்கத்தில் உட்காருங்கள். மனதை வருத்தும் பக்கங்களை அன்ஃபாலோ செய்யவும், ‘இதில் ஆர்வம் இல்லை’ என்ற பட்டனை அழுத்தவும் சொல்லிக்கொடுங்கள்.

நேரத்தைக் குறைப்பதற்கும் பலன் உண்டு. கனடாவில் 17 முதல் 25 வயதுள்ள மாணவர்கள், சமூக ஊடகத்தை மூன்று வாரங்களுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமாகக் குறைத்தபோது, தங்கள் தோற்றம் குறித்த எண்ணம் மேம்பட்டதாக 2023-ல் வெளியான ஆய்வு கூறியது. சிறுவர்களிடம் தனியாகச் சோதிக்க வேண்டிய விஷயம்தான் என்றாலும், முயன்று பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

அதைவிட முக்கியம் நம் வாய். “என்ன, இப்படி உடம்பு போட்டுட்டே?” என்ற கேலியும், “நான் எவ்ளோ குண்டாயிட்டேன்” என்ற நம் புலம்பலும் பிள்ளைகளின் காதில் விழுகின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்க 13 வயது ஆக வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விதி. ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டோர் கணக்கு வைத்திருக்க 2025 டிசம்பர் 10 முதல் தடை. இந்தியாவின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டோரின் தரவைப் பயன்படுத்தப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக அமலுக்கு வருகின்றன.

ஆனால் பிறந்த தேதியை மாற்றிப் போட்டு ஒரு கணக்கு தொடங்க இரண்டு நிமிடம் போதும். பல வீடுகளில் அதைத் தொடங்கிக் கொடுப்பதே பெரியவர்கள்தான். சட்டம் முழுதாக வந்து சேரும் வரையாவது, அந்த இரண்டு நிமிடத்தைத் தள்ளிப்போடுவது நம் கையில்தான் இருக்கிறது.