சிவப்புப் பென்சிலும் நகராட்சி மன்றமும்

மக்களாட்சியின் நாற்றங்கால் உள்ளாட்சி என்பர். நாட்டுக்கு நாடு அந்த நாற்றங்காலின் அமைப்பு வேறுபடுகிறது. அவற்றுள் நெதர்லாந்து நாட்டின் நகராட்சித் தேர்தல் முறை என் ஆர்வத்தைப் பெரிதும் தூண்டியது. விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்று நம் பாடநூல்கள் இரண்டு பக்கங்களில் சொல்லி முடிக்கும் செய்தி, அங்கே நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மார்ச் மாதத்துப் புதன்கிழமையொன்றில் ஊர்தோறும் உயிர் பெறுகிறது.

2023-ஆம் ஆண்டில் அங்கு 342 நகராட்சிகள் இருந்தன. பேரூராட்சி, மாநகராட்சி என்ற பாகுபாடு இல்லை. ஆயிரம் பேர்கூட வாழாத ஸ்கிர்மொன்னிகோக் தீவும் நகராட்சியே. தலைநகர் ஆம்ஸ்டர்டாமும் நகராட்சியே. மக்கள்தொகைக்கேற்ப மன்ற உறுப்பினர் எண்ணிக்கை 9 முதல் 45 வரை அமையும். எப்போதும் ஒற்றைப்படை எண்தான்.

இந்த முறையின் உயிர்நாடி யாதெனில், வார்டுகளே கிடையாது என்பது. ஊர் முழுவதும் ஒரே தொகுதி! ஒவ்வொரு கட்சியும் வேட்பாளர் பட்டியல் ஒன்றைத் தரும். அத்தனை பட்டியல்களும் அச்சான வாக்குச்சீட்டு விரித்தால் மேசையை மறைக்கும். வாக்காளர் ஒரே ஒரு பெயருக்கு எதிரே உள்ள வட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் நிரப்ப வேண்டும். இயந்திரங்களும் முன்பு இருந்தன. அவற்றில் முறைகேடு செய்ய இயலும் என்று 2006-இல் குடிமக்கள் குழு ஒன்று செய்தே காட்டியது. அதன்பின் பென்சில் மீண்டும் அரியணை ஏறிற்று.

அளித்த வாக்கு எவ்வாறு இடமாக மாறுகிறது? 37 இடங்கள் கொண்ட மன்றம் ஒன்றைக் கற்பனை செய்வோம். பதிவான செல்லுபடி வாக்குகள் 37,000 என்றால் ஓர் இடத்தின் விலை 1,000 வாக்கு. 4,300 வாக்குப் பெற்ற கட்சிக்கு 4 இடங்கள் உறுதி. 12,700 பெற்ற கட்சிக்கு 12. இப்படிப் பகிர்ந்தபின் சில இடங்கள் எஞ்சும். ஒவ்வொரு கட்சியின் வாக்கையும், அது பெற்ற இடங்களோடு ஒன்றைக் கூட்டி வகுப்பார்கள். சிறிய கட்சிக்கு 4,300-ஐ 5-ஆல் வகுத்தால் 860. பெரிய கட்சிக்கு 12,700-ஐ 13-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 977. எனவே இவ்விரண்டில் எஞ்சிய இடம் பெரிய கட்சிக்கே. பெரியவர்களுக்குச் சற்றே சாயும் தராசுதான். எனினும் ஊரில் முப்பத்தேழில் ஒரு பங்கினர் ஆதரவு இருந்தாலே மன்றத்தில் குரல் கிடைத்துவிடும் அல்லவா? தேசியக் கட்சிகளோடு, அந்த ஊரைத் தவிர வேறெங்கும் இல்லாத உள்ளூர்க் கட்சிகளும் செழிப்பது இதனால்தான்.

சரி, கட்சிக்கு 4 இடம் என்றால் முதல் நான்கு பெயர்கள்தாமா? பெரும்பாலும் ஆம். ஆனால் 19 அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களுள்ள மன்றங்களில், ஓர் இடத்தின் விலையில் கால்பங்கு வாக்கைத் தம் பெயருக்கே பெற்றவர் பட்டியல் வரிசையைத் தாண்டி முந்துவார். நம் கற்பனை ஊரில் 250 வாக்குகள் போதும். பதினோராம் இடத்தில் தள்ளப்பட்ட பெண் ஒருவர், கட்சித் தலைமை விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், மன்றத்துள் நுழையலாம். பட்டியலின் கீழ்ப்பகுதியிலுள்ள பெண்ணுக்கு வாக்களியுங்கள் என்று அங்கே தனி இயக்கமே நடக்கிறது. கட்சிக்கும் நபருக்கும் ஒரே வாக்கில் தீர்ப்பு வழங்கும் இவ்வழியே இம்முறையின் தலைசிறந்த கூறு என்பேன்.

வாக்குரிமையிலும் ஒரு பெருந்தன்மை உண்டு. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து சட்டப்படி அங்கு வாழ்ந்த பதினெட்டு வயது நிரம்பிய அயல்நாட்டவரும் நகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். 1986 முதல் இது நடைமுறையில் உள்ளது. குடியுரிமை பெறாத இந்தியருக்கும் இது பொருந்தும்.

இத்தனை நுட்பம் நிறைந்த நாட்டில் நகரத் தந்தையை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை என்பது எனக்குப் பெரும் வியப்பு. மன்றத்தின் பரிந்துரையின்மேல் அரச ஆணையால் ஆறாண்டுக்கு அவர் நியமிக்கப்படுகிறார். அவரோடு ஆட்சி நடத்தும் செயற்குழுவினரை மன்றம் தேர்ந்தெடுக்கிறது. 2002-க்குப் பின் அவர்கள் மன்ற உறுப்பினராகவும் நீடிக்க முடியாது. நகரத் தந்தையும் வாக்குச்சீட்டில் இடம்பெற்றால் நன்று என்பதே என் கருத்து. ஒருவேளை இதனாலும்தானோ என்னவோ, 2022 தேர்தலில் வாக்காளருள் ஏறத்தாழப் பாதிப் பேரே சாவடிக்கு வந்தனர்.

மன்றத்தை இடையில் கலைத்து மறுதேர்தல் நடத்த வழியில்லை. கூட்டணி உடைந்தாலும் அதே உறுப்பினர்கள்தாம் கூடிப் பேசிப் புதிய செயற்குழுவை அமைத்தாக வேண்டும். உறுப்பினர் ஒருவர் விலகினாலோ இறந்தாலோ இடைத்தேர்தலும் இல்லை. அவர் பட்டியலில் அடுத்து நிற்பவர் வந்து அந்த இடத்தில் அமர்வார்.