தாய்லாந்தில் ஒரு பருவப் படிப்பு: விவசாயக் குடும்பங்கள் அறிய வேண்டுவன

அரியலூர் ஜில்லாவிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்ட முதலாம் இராஜேந்திர சோழன், 1025-ஆம் ஆண்டளவில் கடல் கடந்து படை செலுத்தினான். அவன் வென்ற ஊர்களுள் தலைத்தக்கோலம், மாதமாலிங்கம் என்பவை இக்காலத் தாய்லாந்தின் தென்பகுதியில் இருந்தனவென்று சரித்திர ஆராய்ச்சியாளர் கருதுவர். 1939 வரை சயாம் என்று வழங்கிய அத்தேசத்திற்கு, விவசாயம் பயிலும் மாணவர்கள் ஒரு பருவம், அதாவது ஏறக்குறைய நான்கு மாதம், சென்று படித்துவர இப்பொழுது வழி ஏற்பட்டிருக்கிறது. உலக வங்கியும் இந்திய அரசாங்கமும் பணம் உதவி 2017-ல் தொடங்கிய தேசிய வேளாண் உயர்கல்வித் திட்டத்தின் கீழும் இந்திய மாணவர் பலர் அயல்நாடுகளில் பயிற்சி பெற்றுத் திரும்பினர். பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளிலுள்ள குடியானவர் வீட்டுப் பிள்ளை இவ்வாறு சென்றுவருவதால் குடும்பத்திற்கும் கிராமத்திற்கும் விளையக்கூடிய நன்மை யாது என்பது ஆராயத்தக்கது.

படிக்கும் இடங்கள்

தாய்லாந்தில் விவசாயக் கல்விக்குப் பேர்போனது பாங்காக் நகரிலுள்ள கசேட்சார்ட் சர்வகலாசாலை. அது 1943-ல் நிறுவப்பட்டது. வடகிழக்கு மேட்டுநிலப் பகுதியில் 1964-ல் ஏற்பட்ட கோன்கேன் சர்வகலாசாலை மானாவாரி விவசாயத்தைக் கண்டறிவதற்கு ஏற்றது. மணற்பாங்கான நிலம், மழையை நம்பிய சாகுபடி, மரவள்ளித் தோட்டங்கள் ஆகியவை அங்கே மிகுதி. 1959-ல் தொடங்கி, இப்பொழுது பாங்காக்கிற்கு வடக்கே உள்ள ஆசியத் தொழில்நுட்பக் கழகத்தில் மேற்படிப்பு ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. ஏனைய இடங்களில் பாடங்கள் பெரும்பாலும் தாய் மொழியிலேயே, அதாவது அத்தேசத்தாரின் பாஷையிலேயே, நடப்பதால், ஆங்கிலத்தில் நடத்தப்படும் பாடங்கள் எவையென்று முன்னரே விசாரித்தறிவது அவசியம்.

மக்காச்சோளத்தில் கற்க வேண்டியது

பெரம்பலூர் ஜில்லாவின் கரிசல் நிலங்களில் புரட்டாசி, ஐப்பசி மழையை எதிர்பார்த்து விதைக்கப்படும் பயிர்களுள் மக்காச்சோளம் முதன்மையானது. தாய்லாந்திலும் 1960-களின் பிற்பகுதியில் இப்பயிரை அடிச்சாம்பல் நோய் கடுமையாகத் தாக்கியது. கசேட்சார்ட் சர்வகலாசாலையார், ராக்பெல்லர் அறநிலையத்தின் துணையோடு, பல தேசத்து இனங்களைக் கலந்து, நோயைத் தாங்கும் பிலிப்பைன்ஸ் இனங்களையும் சேர்த்து, சுவான் 1 என்னும் இரகத்தை 1975-ல் வெளியிட்டனர். ஒரே சர்வகலாசாலைப் பண்ணையில் உண்டான இவ்விரகம் பின்னர் வேறு பல தேசங்களின் பயிர்ப்பெருக்க வேலைக்கும் ஆதாரமாயிற்று. நோய் தாங்கும் இரகத்தைப் படிப்படியாகத் தெரிந்தெடுக்கும் முறையை நேரில் காண்பது மாணவனுக்குப் பெரும் லாபமாகும். மேலும் 2018-ஆம் ஆண்டில் படைப்புழு இந்தியாவிலும், அவ்வாண்டின் இறுதியில் தாய்லாந்திலும் தோன்றியது. ஒரே பகையை இரு தேசத்துக் குடிகளும் எவ்வாறு எதிர்க்கின்றனர் என்பதை ஒப்பிட்டறிய இதைவிடத் தக்க பாடம் வேறில்லை.

மரவள்ளி தந்த பாடம்

பச்சைமலையிலும் அதன் அடிவாரத்திலும் மரவள்ளி பயிராகிறது. தாய்லாந்தின் மரவள்ளியில் 2008-ல் புதியதொரு மாவுப்பூச்சி காணப்பட்டது. நுனி சுருங்கி, கணுக்கள் நெருங்கி, செடி குன்றி, மகசூல் குறைந்தது. தென்னமெரிக்காவில் தோன்றிய இப்பூச்சியை ஆப்பிரிக்காவில் முன்னமே அடக்கிய சிறு ஒட்டுண்ணிக் குளவியை, தாய்லாந்தார் 2009-ல் பெனின் தேசத்திலிருந்து தருவித்தனர். அதனை வளர்த்துப் பெருக்கி, அடுத்த ஆண்டு முதல் தோட்டங்களில் விட்டனர். நடவுக் குச்சிகளை மருந்து நீரில் அமிழ்த்தி நடும் வழக்கமும் பரவியது.

அதே மாவுப்பூச்சி 2020-ல் கேரளத்தின் திருச்சூரில் காணப்பட்டு, விரைவில் தமிழ்நாட்டு மரவள்ளித் தோட்டங்களுக்கும் பரவியது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பெங்களூரு நிலையத்தார் 2021-ல் அதே குளவியைப் பெனினிலிருந்து தருவித்தனர். 2022-ல் சேலம் ஜில்லா ஏத்தாப்பூரில் அது தோட்டங்களில் விடப்பட்டது. தாய்லாந்தார் பட்ட கஷ்டத்திற்கும் நாம் பட்டதற்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள் உள்ளன. அங்கே அப்பூச்சியை நேரில் பார்த்துப் பழகிய ஒருவர் கிராமத்திலிருந்தால், முதற்செடி சுருங்கும்போதே அடையாளம் கண்டு இலாகாவிற்குத் தெரிவித்திருக்கக்கூடும். அயல்நாட்டுப் படிப்பின் மெய்யான பயன் இதுவேயாம்.

கொண்டுவரக் கூடாதவை

நிற்க, மாணவர்கள் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். அங்கே காணும் நல்ல இரகத்தின் விதையையோ, மரவள்ளிக் குச்சியையோ, கிழங்கையோ பெட்டியில் மறைத்துக் கொண்டுவருதல் பெருந்தீங்கு. மாவுப்பூச்சி தூர தேசங்களுக்குப் பரவுவது பெரும்பாலும் நடவுக் குச்சிகளின் வழியாகவே. 1914-ஆம் ஆண்டின் பூச்சி நோய்த் தடுப்புச் சட்டமும், அதன் கீழ் 2003-ல் பிறந்த தாவர நோய்க்காப்பு உத்தரவும், அனுமதிச் சீட்டும் அந்நாட்டு அதிகாரியின் சுகாதாரச் சான்றும் இன்றித் தாவரப் பொருள்களைக் கொணர்வதைத் தடுக்கின்றன. ஒரு கைப்பிடிக் குச்சியால் ஒரு ஜில்லாவே நஷ்டமடையலாம். குறிப்பேடும் நிழற்படமும் கொணர்ந்தால் போதும்.

செலவும் முன்னெச்சரிக்கையும்

மகனையோ மகளையோ அனுப்ப நிலத்தை அடகு வைக்குமுன் பெற்றோர் மூன்று கேள்விகளுக்கு எழுத்துமூலம் விடை பெறுதல் நலம். முதலாவது, இவ்விடத்துக் கல்லூரிக்கும் அங்குள்ள சர்வகலாசாலைக்கும் ஒப்பந்தம் உண்டா? இரண்டாவது, கல்விக் கட்டணத்தை அங்கே தள்ளிவிடுவார்களா, செலுத்த வேண்டுமா? மூன்றாவது, அங்கே பெறும் மதிப்பெண்கள் இங்கே பட்டத்திற்குக் கணக்கிடப்படுமா? மூன்றாவதற்கு விடை இல்லையாயின் ஒரு பருவம் பின்தங்க நேரிடும். வழிச்செலவு, தங்கும் அறை, உணவு, விசா, நோய்க் காப்பீடு ஆகியவற்றைத் தனித்தனியே கணக்கிடுக. மாணவர் விசாவில் செல்பவர் தொழில் அனுமதியின்றி அங்கே கூலி வேலை செய்யலாகாது. ஆகவே அங்கே சம்பாதித்துக் கடன் தீர்க்கலாமென்று தரகர் சொல்வதை நம்பலாகாது. சைவ உணவினர் 'ஜே' என்று கேட்டல் வேண்டும். மீன் சாறு சேராத மரக்கறி உணவிற்கு அங்கே அதுவே பெயர்.

திரும்பிய பின்

படித்துத் திரும்பியவர், கண்டவற்றைத் தம் ஊர்ச் சாவடியில் குடிகளுக்கு எளிய தமிழில் எடுத்துரைத்தல் கடமையாகும். பெரம்பலூர்ப் பகுதியினர் வாலிகண்டபுரத்திலும், அரியலூர்ப் பகுதியினர் ஜெயங்கொண்டத்தை அடுத்த சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் தம் குறிப்பேட்டைக் காட்டி ஆலோசிக்கலாம். நம் மண்ணிற்குப் பொருந்துமெனத் தோன்றும் முறையை முதலில் அரைக் காணியில் நடத்தி, பக்கத்தில் பழைய முறையையும் வைத்து, இரண்டின் மகசூலையும் செலவையும் எழுதிப் பார்த்தால், அயல்நாட்டில் கழித்த நான்கு மாதத்தின் மதிப்பு களத்துமேட்டிலேயே தெரிந்துவிடும்.